ஒரு சொல்லும் ஒரு கம்பெனி பஸ்ஸும்

நீங்களே சாட்சி. மூன்று வாரங்களுக்கு முன் இதே பக்கத்தில்தான் எழுதினேன் — எந்தச் சொல்லைக் கொடுத்தாலும், கையில் துண்டுச்சீட்டு இல்லாமல், ஒரு மணி நேரம் பேசுவேன் என்று. கொஞ்சம் அடக்கமாக எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

அதைப் படித்த வாசகர் ஒருவர், கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலை ஒன்றின் மேனேஜராக இருந்துவிட்டார். ஆயுத பூஜைக்குப் பேச வரச்சொல்லி அழைப்பு வந்தது. தலைப்பு: செட். ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. அகராதியிலோ பக்கம் பக்கமாகப் பொருள். எனக்கு ஒதுக்கிய நேரம் அரை மணி.

அரை மணியா? எனக்கா?

இயந்திரங்களுக்குச் சந்தனப் பொட்டு வைத்துப் பூஜை முடிந்ததும், மூன்றரை மணிக்கு மைக் என் கைக்கு வந்தது. மைக் செட்டிலிருந்தே தொடங்கினேன். வயலில் பம்ப் செட், வாயில் பல் செட், ஹோட்டலில் பரோட்டா ஒரு செட்... கான்கிரீட் இறுகினால் அதுவும் செட். சேர்ந்து ஊர் சுற்றுபவர்கள் ஒரு செட். அவர்களைத் திட்டுபவர்கள் இன்னொரு செட். கைதட்டல் எழுந்தது. கைதட்டலைக் கேட்ட பேச்சாளன் கடிகாரத்தைப் பார்ப்பானா?

முன்வரிசையில் ஒருவர் மட்டும் தட்டவில்லை. தேவராஜ் — அங்கே செட்டர். தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் மெஷினில் அச்சைப் பொருத்தி, முதல் பீஸைப் பார்த்து அவர் ஓகே சொன்ன பிறகே மெஷின் ஓடும். அவர் மடியில் செல்போன் மிஸ்டு காலாக மினுங்கிக்கொண்டே இருந்தது. எழுவார், உட்காருவார். மேடையை மதிக்கவில்லை என்று எனக்குப் பட்டது. விடுவேனா? “நான் இத்தனை செட்டைச் சொல்கிறேன், அண்ணனுக்கோ செல்போன் செட் ஒன்றே போதும்” என்றேன். கூடம் சிரித்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த வெற்றியில் மேலும் பத்து நிமிடம் பேசினேன்.

மணி நாலேகால். பதினேழாவது பொருளின் நடுவில் இருந்தபோது, தேவராஜ் எழுந்து மேடையருகே வந்தார். குரலை உயர்த்தவில்லை.

“சார், நீ பேசறது நல்லாத்தான் கீது. அஞ்சு மணிக்கு பொன்னேரில என் பொண்ண பாக்க வர்றாங்க. பாதில எந்திரிச்சுப் போனா உனக்கு மரியாதையா இருக்காதேன்னு உக்காந்துகினு இருந்தேன். நான் ஓகே சொன்னா மெஷின் ஓடும். இன்னிக்கு நீ முடிச்சாத்தான் சார் கம்பெனி பஸ்ஸு ஓடும்.”

மரியாதை... எனக்கு!

பள்ளி நாட்களிலிருந்து மேடையேறுகிறேன். ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டது அன்றுதான். நன்றியுரைகூட இல்லை, “பஸ்ஸை எடுங்கள்” என்றேன். அன்றைய மிகப் பெரிய கைதட்டல் அதற்குத்தான்.

மனம் கேட்காமல் நானும் பஸ்ஸில் ஏறினேன். பின்சீட்டுக்காரர் ஒருவர் ஆறுதல் சொன்னார்: “சோடா குடிக்கவாவது நிறுத்துவேன்னு பாத்தோம் சார். அதையும் பேசிக்கினே குடிச்ச.”

ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் என்று அறிவது படிப்பு. எதிரே இருப்பவர் எப்போது வீட்டுக்குப் போகவேண்டும் என்று அறிவது? அதை எந்தப் பேச்சுப் போட்டியிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

பொன்னேரியில் இறங்கி, தேவராஜோடு நானும் அவர் வீட்டுக்குப் போனபோது ஐந்து இருபது. மாப்பிள்ளை வீட்டார் வந்து அமர்ந்திருந்தார்கள். பெண்ணின் அப்பாவைத்தான் காணோம் என்று அவர்கள் முகமெல்லாம் இறுகியிருந்தது. தேவராஜின் மனைவி வாசலிலேயே வந்து, “இன்னாய்யா, மூணாவது வாட்டி காபி குடுத்துட்டேன்” என்று பல்லைக் கடித்தார்.

தேவராஜ் வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன்: “தவறு இவருடையதன்று. நான் பேசினேன், பஸ் நின்றது.”

என் வாழ்நாளிலேயே மிகச் சிறிய உரை.

மாப்பிள்ளையின் தந்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். “எவ்ளோ நேரம் பேசின?”

“முக்கால் மணி.”

“எதப் பத்தி?”

“ஒரு சொல்லைப் பற்றி.”

“ஒரே வார்த்தைக்கா?” — அவர் சிரித்துவிட்டார். கதவருகே பெண் சிரித்தாள். பையன் அதைப் பார்த்துவிட்டு, தானும் சிரித்தான். நாலாவது காபி வந்தது.

தையில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். நான் விடைபெறும்போது தேவராஜின் மனைவி பெருந்தன்மையோடு, கல்யாணத்தில் நாலு வார்த்தை வாழ்த்திப் பேசவேண்டும் என்றார். தேவராஜ் அவசரமாக என் முகத்தைப் பார்த்தார்.

இரு வீட்டாரும் கேட்க உரக்கச் சொன்னேன்: “வருவேன். சாப்பிடுவேன். பேச மாட்டேன்.”