நாற்பது இறாத்தல் காற்று

ரயருக்கு எவ்வளவு காற்று அடிக்கலாம் என்று ஸைனுலாப்தீன் நானாவிடம் கேட்டால் பதில் வராது, கேள்விதான் வரும். எங்கே போகிறாய், என்ன ஏற்றுகிறாய், பாதை தாரா மணலா, போன கிழமை எந்தச் சில்லு ஒட்டுப் போட்டது? பொலிஸ்காரன்கூட ஒரு மனிதனை அவ்வளவு குடைய மாட்டான். பாலையூற்றில் தம்பிராசா முதலாளியின் பட்டறையில் இருபத்திமூன்று வருடம் நான் சாமான் அறைக்குப் பொறுப்பாக இருந்தவன். அந்த விசாரணையைக் கேட்டுக் கேட்டே என் காது தேய்ந்தது.

வெள்ளைக்காரன் துறைமுகத்தை விட்டுப் போனபோது கழிந்துபோன இராணுவ லொறிகளில் ஐந்தை முதலாளி ஏலத்தில் எடுத்தார். ஒவ்வொன்றிலும் ஸ்டியறிங் பக்கத்தில் ஒரு தகடு. எந்தப் பாதைக்கு எத்தனை இறாத்தல் அழுத்தத்தில் காற்று என்று அதில் பொறித்திருக்கும். மற்றச் சாரதிகள் அதை வேதவாக்காக எடுத்தார்கள். ஸைனுல் நானா மட்டும் நம்பவில்லை.

"இதை எழுதினவன் புது ரயருக்கு எழுதினவன். எங்கட ரயரில ரப்பரைவிட ஒட்டுத்தான் கூட" என்பார்.

அவருக்கென்று ஒரு வழி இருந்தது. ரயரின் குறுக்கே சோக்கால் கோடு கீறி, லொறியைச் சுமையோடு கொஞ்சத் தூரம் உருட்டுவார். கோடு நடுவில் அழிந்தால் காற்று கூட. இரண்டு ஓரத்திலும் அழிந்தால் குறைவு. பிறகு ஐந்து மைல்கட்டை ஓடிவிட்டு இறங்கி, ரயரின் பக்கத்தில் உள்ளங்கையை வைப்பார். கை பொறுத்தால் சரி. பொறுக்காவிட்டால் காற்றுக் குறைந்து ரயர் உள்ளே வேகிறது, வெடிக்கப் போகிறது என்று அர்த்தம். இப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் சுமையோடு கல்பாதைக்கு நாற்பது, மணலுக்குப் பதினைந்து என்று கணக்கு வைத்தார்.

புல்மோட்டைப் பாதையில் இரண்டும் வேண்டும். குச்சவெளி தாண்டினால் மணல். அங்கே காற்றை இறக்கினால் ரயர் தோசை மாதிரிப் பரவி மணலில் மிதக்கும். மணல் முடிந்து கிறவல் கல்பாதை வந்ததும் திரும்பவும் நாற்பதுக்கு ஏற்ற வேண்டும். கைப்பம்பால் ஒரு சில்லுக்கு இருபது நிமிஷம். நாலு சில்லுக்கும் அடித்து முடிக்க நாரி முறிந்துவிடும். மற்றவர்கள் அடிக்காமலே ஓடுவார்கள். இவர் அடிப்பார்.

"பிந்திப் போனா பொஞ்சாதி ஏசுவா. உசிரோட போனாத்தானே அந்த ஏச்சையும் கேக்கலாம்" என்று சிரிப்பார்.

அந்த மனிதர்தான் ஒரு நாள் அடிக்காமல் ஓடினார்.

அறுபத்திரண்டாம் ஆண்டு வைகாசி மாதம். அவருடைய மனைவி றுக்கியாவின் தகப்பன் திருகோணமலை ஆஸ்பத்திரியில் மௌத்தானார். ஊர் புல்மோட்டை. உடலை எடுக்கத் துண்டு எழுதி வாங்கவே மதியம் தாண்டிவிட்டது. குளிப்பாட்டி, கபன் துணியிட்டு, சந்தூக்குப் பெட்டியில் வைத்து முதலாளியின் லொறியில் ஏற்றினார்கள். பின்னால் சொந்தக்காரர் பத்துப் பேர். றுக்கியாவின் ஒரே தம்பி ஹிஸ்புல்லா, இருபது வயது, தகப்பனின் பெட்டி வழுக்காமல் பிடித்துக்கொண்டு இருந்தான். றுக்கியா முன்னால், புருஷன் பக்கத்தில்.

மையித்தைக் காக்க வைக்கக் கூடாது என்பது அவர்கள் மார்க்கம். நல்ல வழக்கம்தான். நான் அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

மணல் முடிந்த இடத்தில் ஸைனுல் நானா பம்பை எடுத்துக்கொண்டு இறங்கினார். பின்னாலிருந்து பெரியவர் ஒருவர் சொன்னார்: "மருமகன், கபுறு வெட்டி வெச்சிட்டு ஊரே காத்திருக்கு. இன்னும் எட்டுக் கட்டைதானே. பொழுது படப் போகுது."

பம்பைத் திரும்ப வைத்தார். மெல்ல ஓட்டினால் சமாளிக்கலாம் என்று தன் மனதுக்கே ஒரு பொய் சொன்னார். மூன்று கட்டை போனதும் மனம் கேட்கவில்லை. நிறுத்தி இறங்கி, முன் இடது ரயரில் கையை வைத்தார். நெருப்பில் பட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டார். சூரியனைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் ஏறி லொறியை எடுத்தார்.

அடுத்த வளைவில் ரயர் வெடித்தது. லொறி பள்ளத்தில் இறங்கிச் சரிந்தது. பெட்டியை விடாமல் பிடித்திருந்த ஹிஸ்புல்லா அடியில் போய்விட்டான். அவசரமாகக் கொண்டுபோன மையித்து ஓர் இரவு முழுதும் காத்திருந்தது. மறுநாள் தகப்பனையும் மகனையும் பக்கத்தில் பக்கத்தில் அடக்கினார்கள்.

ஒருவரும் நானாவைக் குறை சொல்லவில்லை. அல்லாஹ்வின் நாட்டம் என்றார்கள். பழைய ரயர் என்று பொலிஸில் எழுதினார்கள். இரண்டு மாதம் கழித்து, என் சாமான் அறைக்குள் வந்து, கை வைத்த கதையை அவரே சொன்னார்.

"தெரிஞ்சு கொண்டே ஓடினீங்களா, நானா? அப்ப உங்களாலதான் பொடியன் செத்தவன்."

"ஓம்" என்றார். "நீங்க ஒருத்தர்தான் சொன்னீங்க."

பிறகு அவர் ஸ்டியறிங்கைத் தொடவில்லை. காற்று அளக்கும் கேஜைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். அவர் பார்க்காமல் ஒரு லொறியும் வெளியே போக முடியாது. சாரதிகள் பைத்தியம் என்று ஏசினார்கள். அதை அவர் கணக்கெடுக்கவில்லை. அவரை அரித்தது வேறொன்று.

"நான் கையை இழுத்ததை றுக்கியா கண்டிருப்பாவோ, யோகலிங்கம்?"

"கேட்டுப் பாருங்களன்."

"ஏலாது."

வருடத்துக்கு ஒரு தரமாவது இதைக் கேட்பார். றுக்கியா தம்பியின் பேச்சை எடுத்ததே இல்லையாம். சோறு போடுவா, உடுப்புத் தோய்ப்பா, காய்ச்சல் என்றால் பக்கத்தில் இருப்பா. தெரியாமல் இருக்கிறாவா, தெரிந்துகொண்டு இருக்கிறாவா என்று புரியாமலே பத்தொன்பது வருடம் ஒரு வீட்டுக்குள் அந்த மனிதர் செத்துச் செத்துப் பிழைத்தார்.

எண்பத்தொன்றில் உண்மையாகவே செத்தார். அதே ஆஸ்பத்திரி. ஹிஸ்புல்லாவுக்குப் பக்கத்தில் அடக்கச் சொல்லியிருந்தார். ஓட்டத்தில் மிஞ்சியிருந்த ஒரேயொரு இராணுவ லொறியை முதலாளி தந்தார். நானும் ஏறினேன்.

மணல் முடிந்ததும் சாரதி நிறுத்தாமல் போகப் பார்த்தான். முன்னால் இருந்த றுக்கியா நிறுத்தச் சொன்னா. இறங்கி வந்து, சேலைத் தலைப்பில் முடிந்திருந்த கேஜை என் கையில் தந்தா.

"காத்து அடியுங்க, அண்ணன். மையித்து காத்திருக்கட்டும்."

பெரியவர்கள் சூரியனைப் பார்த்தார்கள். நானும் சாரதியும் மாறி மாறி அடித்தோம். நாலு சில்லும் நாற்பதுக்கு வந்தபோது ஒரு மணியும் இருபது நிமிஷமும் போயிருந்தது. அவ்வளவு நேரமும் றுக்கியா வெயிலில் நின்றா.

"அவர் கையை இழுத்ததை நான் கண்டனான்" என்றா. "நானும் வாய் திறக்கல்ல. வாப்பாவைப் பொழுது படமுந்தி அடக்கோணும் எண்டுதான் எனக்கும் இருந்தது."

நான் பம்பை லொறியில் ஏற்றி வைத்தேன்.

"அண்டைக்கும் இவ்வளவு நேரந்தான் போயிருக்குமா, அண்ணன்?"

"ஓம் தங்கச்சி" என்றேன். "இவ்வளவுதான்."