மெற்றில்டா அக்காவின் தோல்விக் கணக்கு

அடிக்காமல் நின்றவனுக்குக் கைதட்டினார்கள். லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் நான் குடிவந்த முதல் கோடை அது. ஞாயிற்றுக்கிழமை மதியம், சலவைக் கடையில் துணி சுழன்று முடியும்வரை கால்போன போக்கில் நடந்தபோது, கம்பிவேலி போட்ட ஒரு மைதானம் கண்ணில் பட்டது. மட்டையைத் தோளுக்கு மேல் தூக்கியபடி ஒருவன் நின்றான். பந்து வந்தது, பேசாமல் விட்டான். மறுபடி வந்தது, மறுபடி விட்டான். இப்படி நான்கு பந்துகளை வேடிக்கை பார்த்துவிட்டு, மட்டையைக் கீழே போட்டு, கல்யாண வீட்டில் பந்திக்குப் போகிறவன் மாதிரி நிதானமாக முதல் மூலைக்கு நடந்தான். அவன் அணி ஆரவாரம் செய்தது. எங்கள் கரூரில் மட்டையைப் பிடித்துக்கொண்டு இப்படி நின்றிருந்தால், "டேய், சாமி கும்பிட வந்தியா?" என்று கேட்டிருப்பார்கள். இங்கே சும்மா நின்றதற்குப் பரிசு!

அப்போதுதான் பந்தை எறிந்த பெண் வானத்தைப் பார்த்துக் கத்தினார்: "என்ர மாதாவே, அந்த அம்பயருக்குக் கண்ணாடி ஒண்டு வாங்கிக் குடும்!"

வேலியில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டேன். "அக்கா, நீங்க தமிழா?"

"இல்லை, பிரெஞ்சு," என்றார் திரும்பிக்கூடப் பார்க்காமல். "பந்து வாற பக்கம் நிக்காதையும் பிள்ளை. மூக்குப் போயிடும்."

இப்படித்தான் மெற்றில்டா அக்கா எனக்கு அறிமுகமானார். இலங்கை மன்னார்க்காரர். நோர்பரியில் வீடு, ஒரு மருத்துவமனையில் மருந்தாளர் வேலை. ஞாயிறு காலை பூசை முடிந்ததும் நேரே பேஸ்பால் மைதானம். கையில் எப்போதும் ஒரு பெட்டி மட்டன் றோல்ஸ். அணியிலிருந்த வெள்ளைக்காரர்கள் பாதிப்பேர் விளையாட்டுக்காக வருகிறார்களா, றோல்ஸுக்காக வருகிறார்களா என்பது எந்தப் புள்ளியியலாலும் தீர்க்க முடியாத கேள்வி.

அன்று அவர் அணி தோற்றது. துணியை மறந்து கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்த நான், ஆட்டக் கணக்கு ஏற்றும் செல்போனை எட்டிப் பார்த்தேன். தோல்வி மெற்றில்டா அக்காவின் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் பதிவாகியிருந்தது. விசாரித்தால், பேஸ்பாலில் அதுதான் வழக்கமாம். அணி தோற்றாலும் அந்தத் தோல்வி பந்து எறிபவரின், அதாவது பிட்சரின், பெயரில்தான் ஏறும். கிரிக்கெட்டில் தோற்றால் பதினொரு பேரும் சேர்ந்து தோற்போம், ஊரே சேர்ந்து திட்டும். இதென்ன அநியாயம்? அக்கா எறிந்த பந்து மட்டையில் பட்டு மெதுவாக உருண்டு போனது, மூன்றாம் மூலையில் நின்றவர் அதைக் கால் இடுக்கில் விட்டார், எதிரணி ஓடியது. பழி மட்டும் எறிந்தவருக்கா?

அந்த இடத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது. என் வேலையே அதுதானே! ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் உட்கார்ந்து, ஒரு விபத்தில் எவ்வளவு ஓட்டியவரின் தவறு, எவ்வளவு கெட்ட நேரம் என்று எண்களைப் பிரிப்பதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன். காருக்குச் செய்வதை அக்காவுக்குச் செய்ய முடியாதா?

அன்று இரவு சாப்பாட்டை மறந்து படித்தேன். அமெரிக்கர்கள் இந்த வேலையை எப்போதோ செய்து வைத்திருக்கிறார்கள். அவர்கள் சொல்வது எளிமையானது. ஒரு பிட்சர் பெரிய ஆளா என்று பார்க்க வெற்றி தோல்வியைப் பார்க்காதே. தன் அணி எத்தனை ஓட்டம் எடுக்கும் என்பது அவர் கையில் இல்லை. அடிக்கப்பட்ட பந்தை யார் பிடிப்பார், யார் விடுவார் என்பதும் அவர் கையில் இல்லை. அவர் கையில் இருப்பவை மூன்றுதான். அடிக்கவே விடாமல் ஆளை வெளியேற்றுவது ஒன்று. நான்கு பந்தைத் தாறுமாறாக எறிந்து, நான் பார்த்தேனே, அதுபோல் இலவசமாக நடக்க விடுவது இரண்டு. யாரும் பிடிக்க வழியில்லாமல் மைதானத்தைத் தாண்டி அடி வாங்குவது மூன்று. இந்த மூன்றை மட்டும் எடை போடு, மற்றதைக் காற்றில் விடு. வாழ்நாள் முழுக்கத் தோற்ற அணியில் ஆடிய ஒருவர் உண்மையில் மாபெரும் பிட்சராக இருந்திருக்கலாம் என்று இந்தக் கணக்குச் சொல்லும். கரூரில் தெரு கிரிக்கெட்டில் சுவரில் கரியால் ஸ்கோர் எழுதியே வளர்ந்த எனக்கு இது விருந்து.

கணக்குக்கு ஒரு அவசரமும் இருந்தது. அக்காவின் வலது தோள் தேய்ந்துவிட்டது. இந்தக் கோடையோடு மேல்கையால், அதாவது கையைத் தோளுக்கு மேல் தூக்கி, எறிவதை நிறுத்தச் சொல்லிவிட்டார் மருத்துவர். சீசனின் கடைசி ஆட்டத்தை எறிந்துவிட்டு நிறுத்த வேண்டும் என்பது அக்காவின் ஆசை. ஆனால் அணியை நடத்திய கொலின், ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர், அந்த ஆட்டத்தை ஜோஷ் என்ற கல்லூரி மாணவனுக்குக் கொடுக்கப்போவதாகப் பேச்சு. ஜோஷ் வேகமாக எறிவான். அவன் பெயரில் வெற்றிகள் அதிகம். அக்கா பெயரில் தோல்விகள் அதிகம்.

"விடும் பிள்ளை," என்றார் அக்கா. "தோத்த ஆளைப் போடச் சொல்லி என்னெண்டு கேக்கிறது? வெக்கமாக் கிடக்கு."

"நீங்க கேக்க வேண்டாம்கா. நான் கேக்குறேன்."

"நீர் ஆர் எனக்கு, வக்கீலோ?"

"ஆமா. ஃபீஸ் ரெண்டு றோல்ஸ்."

எண்களை இங்கே எழுத மாட்டேன் என்று அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். இவ்வளவு சொல்லலாம்: அந்த மூன்று விஷயங்களை மட்டும் நிறுத்துப் பார்த்தால், ஜோஷ் அக்காவின் பக்கத்தில்கூட வரவில்லை. அவ்வளவு மெதுவான பந்து, எப்படி இத்தனை பேர் கோட்டைவிட்டார்கள் என்பது மட்டும் புரியவில்லை. எனக்கு ஆசை அடங்கவில்லை. அக்கா மன்னாரில் பள்ளிக் காலத்தில் எல்லே ஆடியவர், அங்கே அவர் பெயர் பெற்ற எறிகாரி என்று றோல்ஸ் சாப்பிட வந்த ஒருவர் சொன்னார். எல்லே என்பது இலங்கையில் மூங்கில் தடியால் பந்தை அடித்து ஓடும் ஆட்டம், கிட்டத்தட்ட பேஸ்பாலின் ஒன்றுவிட்ட தங்கை. தமிழ்நாட்டில் நான் கேள்விப்பட்டதே இல்லை. அந்தக் காலத்தையும் சேர்த்தால் முழு வாழ்நாள் மதிப்பீடாகக் கொலின் மேசையில் வைக்கலாமே! அக்காவின் பழைய அணித் தலைவி தெரேஸ் இன்னும் மன்னாரில்தான் இருந்தார். எண் வாங்கி வீடியோவில் அழைத்தேன்.

"மெற்றியோ?" திரை முழுக்கச் சிரிப்பு. "அவள் எறிஞ்சால் அடிக்காத ஆளே இல்லைப் பிள்ளை. பந்து கோயில் மதிலுக்கு அங்கால போகும். ஓட்டமெண்டால் மழைதான்."

"அப்புறம் ஏன் அவங்களையே எறிய விட்டீங்க?"

"வேற ஆரை விடுறது? அவளைவிட ஆர் இருந்தவை?"

பாவம், என்ன விசுவாசம் என்று நினைத்துக்கொண்டேன். எறிவதற்கு வேறு ஆளில்லாத ஊர் போலிருக்கிறது. அக்காவின் இளமை இப்படி அடி வாங்கியே கழிந்திருக்கிறது! மன்னார்ப் பகுதியைக் கணக்கிலிருந்து சத்தமில்லாமல் நீக்கினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்த ஞாயிறு, மைதானத்துப் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, துக்க வீட்டுக் குரலில் ஆரம்பித்தேன்.

"அக்கா, மன்னார் காலத்தை நான் சேர்க்கலை. பரவாயில்லக்கா, சின்ன வயசு. யாருக்குமே அப்படித்தான் இருந்திருக்கும்."

"எப்பிடி?"

"இல்ல… நிறைய அடிச்சிருக்காங்கல்ல, உங்க பந்தை."

"ஓம், அடிச்சவைதானே!" அக்காவின் முகத்தில் அவ்வளவு பெருமை. "கடைசி ஆட்டத்தில தெரேஸ் மதிலுக்கு மேலால அடிச்சவள். பங்குத்தந்தை வெளியில வந்து பாத்தவர்."

"தெரேஸ் அக்காவா? அவங்க உங்க டீம்தானே?"

"பின்னே? எங்கட ஆளுக்கு நாங்கள்தானே எறியிறது."

நான் விழித்த விழியைப் பார்த்து அக்காவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. எல்லேயில் எறிபவர் எதிரணி இல்லையாம். அடிப்பவரின் சொந்த அணிக்காரர். எறிகாரியின் திறமை, தன் ஆளுக்கு எந்த உயரத்தில், எந்த வேகத்தில் வேண்டுமோ அப்படியே கொடுப்பது. மழையாய்ப் பொழிந்த அத்தனை ஓட்டமும் மெற்றில்டா அக்காவின் அணிக்குச் சேர்ந்த ஓட்டம். ஒரு மேதையின் முழு வாழ்க்கையையும் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, அவருக்கே ஆறுதல் சொல்ல வந்திருக்கிறேன்!

"கொலின்! இஞ்ச வாரும்!" என்று தொடங்கி, சிரிப்பு முட்டி, பெஞ்சிலிருந்து சரிந்து, அக்கா புல்லில் உட்கார்ந்தேவிட்டார். "இந்தியாக்காரி எனக்குச் செத்தவீடு கொண்டாட வந்திருக்கிறாள்!" தமிழ் ஒரு சொல்லும் புரியாத கொலின் ஓடிவந்து, தோளில்தான் ஏதோ ஆகிவிட்டது என்று ஐஸ் பையை நீட்டினார். அதைக் கண்டு இன்னும் சிரித்தார் அக்கா.

சிரித்து ஓய்ந்தபின், கண்ணைத் துடைத்தபடி அவர் சொன்னதுதான் என் எந்தக் கணக்கிலும் வராத விடை. "கால் வைக்கிற விதத்தில தெரியும் பிள்ளை, ஆளுக்குப் பந்து எங்க வேணுமெண்டு. அங்க அதைக் குடுத்தனான். இஞ்ச அதைக் குடுக்கிறேல்ல. அவ்வளவுதான்."

கொலினிடம் பேசுவதில் வேறொரு சிக்கல் இருந்தது. பந்து மெதுவாக வந்தால் அடிப்பவர் அவசரப்பட்டு முன்னதாகவே மட்டையைச் சுழற்றுவார். வலக்கைக்காரர் அப்படிச் சுழற்றினால் பந்து மூன்றாம் மூலைக்கு உருளும். அங்கே காவல் நிற்பவர் கொலின். அக்காவின் தோல்விகளில் பெரும்பாலானவை அவருடைய கால் இடுக்கு வழியாகத்தான் போயிருந்தன. ஊரில் என்றால் மாமாவிடம் சொல்லி, மாமா அவர் மச்சானிடம் சொல்லி, விஷயம் சுற்றிப் போய்ச் சேரும். இங்கே மாமாவுக்கு எங்கே போவது? மடிக்கணினியைத் திறந்து, அடிபட்ட பந்துகள் எங்கெங்கே போயின என்ற வரைபடத்தை நீட்டிவிட்டு, நான் என் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரையில் மூன்றாம் மூலையை விரலால் தொட்டார். "அப்படியென்றால் நான்தான் காரணமா?" என்றார் கொலின்.

"வெயில் கண்ணில் பட்டிருக்கலாம்," என்றேன் ஆங்கிலத்தில். லண்டனில் வெயிலின் மேல் பழிபோட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அவர் மேலே பார்த்தார். சாம்பல் மேகம். "ஆமாம், பயங்கர வெயில்," என்றார் முகம் மாறாமல். கோபமா, கேலியா என்று வீடு போய்ச் சேரும்வரை எனக்குப் புரியவில்லை. மறுநாள் அணிப்பட்டியல் வந்தது. கடைசி ஆட்டத்தின் பிட்சர்: மெற்றில்டா. மூன்றாம் மூலையில் ஜோஷ். கொலின் தன்னைத் தானே வலது கோடிக்கு, பந்து எப்போதாவது எட்டிப் பார்க்கும் தொலைவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். நாற்பது பேர் வகுப்பை ஆண்ட மனிதர், சத்தம் போடாமல் கடைசி பெஞ்சுக்குப் போனதுபோல் இருந்தது.

அந்த ஆட்டத்தை எப்படிச் சொல்வேன்! அக்காவின் பந்து தபால்காரர் மாதிரி ஆற அமர வந்தது. பெரிய பெரிய ஆட்கள் அது வந்துசேரும் முன்பே மட்டையைச் சுழற்றிவிட்டு அசடு வழிந்தார்கள். கடைசிச் சுற்று. ஒரே ஒரு ஓட்டம் நாங்கள் முன்னால். இன்னும் ஒருவர் வெளியேறினால் போதும். வந்து நின்றவர் இடக்கைக்காரர். இடக்கைக்காரர் முன்னதாகச் சுழற்றினால் பந்து எந்தப் பக்கம் போகும் என்று யோசித்தேன். வலது கோடி!

பந்து உயர எழுந்தது. கொலின் முன்னால் ஓடினார், தவறென்று பின்னால் ஓடினார், இரண்டு கைகளையும் பிச்சை கேட்பதுபோல் நீட்டினார், மல்லாக்க விழுந்தார். படுத்தபடியே ஒரு கையை உயர்த்தினார். கையுறைக்குள் பந்து.

எல்லாரும் கொலின்மேல் போய் விழுந்தோம். நான் வேலி ஏறிக் குதித்ததில் கால்சட்டை கிழிந்தது. குவியலுக்கு நடுவிலிருந்து அக்காவின் குரல்: "பிள்ளை, இதை உம்மட கணக்கில எங்க போடுவீர்?"

எங்கும் போட முடியாது. மற்றவர் பிடித்த பந்துக்கு என் கணக்கில் இடமே இல்லை. அக்கா தன்னந்தனியாக எவ்வளவு பெரியவர் என்று காட்டுவதற்காகவே மற்றவர்கள் எல்லாரையும் நான் கழித்திருந்தேன். ஆனால் அவர் ஆசைப்பட்ட அந்தக் கடைசி ஆட்டத்தின் வெற்றி, கழிக்கப்பட்டவரின் கையில்தான் இருந்தது.

ஆட்டம் முடிந்து றோல்ஸ் பெட்டியும் காலியான பிறகு அக்கா மறுபடி பந்தை எடுத்தார். "மேல்கைதானே ஏலாது, கீழ்க்கையால ஏலும்." எங்கள் அணி, தோற்ற அணி, அம்பயர் என்று வரிசையில் நின்ற எல்லாருக்கும், எல்லேக் கணக்கில், அடிக்கத் தோதாக எறிந்தார். பந்துகள் வேலி தாண்டிப் பறந்தன. நான் ஒதுங்கி நின்று பந்து பொறுக்கினேன். எனக்கு அது பழகிய வேலை. கரூரில் ஆள் எண்ணிக்கை ஒற்றைப்படையாக வந்தால் என்னைத்தான் 'காமன்' ஆக்குவார்கள். இரண்டு பக்கத்துக்கும் பந்து பொறுக்க வேண்டும், எந்தப் பக்கத்துக்கும் மட்டை பிடிக்க முடியாது. இங்கே கரூர்க்காரியாகவும், கரூரில் லண்டன்காரியாகவும் இருக்கிற இப்போதும் நான் காமன்தான்.

"இந்தியா! வாரும், தடியைப் பிடியும்!"

போய் நின்றேன். அக்கா என் கால்களைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். "எப்பிடி வேணும்?"

எனக்குத் தெரியவில்லை. பந்து எனக்கு எங்கே வர வேண்டும் என்று இதுவரை எந்த ஊரிலும் யாரும் கேட்டதில்லை. மூன்று முறை சுழற்றினேன், மூன்றும் காற்றில். எல்லேயில் அதோடு சரி. "உம்மட கால் ரெண்டும் ரெண்டு பக்கம் பாக்குது பிள்ளை," என்று சிரித்தார் அக்கா. குனிந்து பார்த்தேன், உண்மைதான்.

தெரேஸ் அக்காவிடம் மறுபடி பேசி, ஓட்டத்தைக் குற்றமாக அல்லாமல் கொடையாக எண்ணும் ஒரு புதுக் கணக்கைத் தொடங்கியிருக்கிறேன். எறிபவர் யாருக்காக எறிகிறார் என்பதுதான் அதன் முதல் கேள்வி. ஆனால் அதற்கும் முன்னால், வரும் ஞாயிறு பூசை முடிந்து அக்கா வருவார். இரண்டு கால்களையும் ஒரு பக்கமாகத் திருப்பி நின்று, எனக்கு எப்படி வேண்டும் என்று சொல்லிப் பார்க்க வேண்டும்.