கிணற்றடியில் ஒரு வாங்கு

போன ஞாயிறு எங்கள் ஒழுங்கையில் கூட்டம். யாழ்ப்பாண நகரத்தின் நடுவில், இரண்டு ஓட்டோ எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னுக்குப் போகவேண்டிய பழைய ஒழுங்கை. அதைப் 'பசுமையாக' மாற்றப்போகிறார்களாம். வந்தவர்களுக்கு ரோல்ஸும் தேநீரும் கொடுத்தார்கள். சும்மா ரோல்ஸ் தருகிறவர்களை நான் நம்புவதில்லை.

திட்டத்துக்குப் பொறுப்பான இளைஞர் திரையில் ஒரு படம் போட்டார். மரங்கள், சைக்கிள் பாதை, சோலர் விளக்கு, ஒரு வாங்கு. வாங்கில் உட்கார்ந்து ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டிருந்தது. எங்கள் ஒழுங்கையில் யார் அப்படிச் சிரிக்கிறார்கள்?

பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருக்கும் செல்வி அக்கா எழுந்தார். இடியப்பம் அவித்து விற்பவர். ஒழுங்கை முடிவில் உள்ள பங்குக் கிணற்றுத் தண்ணீரில்தான் அவருடைய பிழைப்பு.

"தம்பி, உந்த வாங்கு நிக்கிற இடத்திலையெல்லோ எங்கடை கிணறு இருக்கு?"

"கிணத்தை மூடுறம் அக்கா. பைப் தண்ணி வரும்."

"எப்ப?"

"அடுத்த கட்டத்திலை."

அடுத்த கட்டம்! மூடுவதை மட்டும் முதற் கட்டத்திலேயே செய்துவிடுவார்கள்...

கிணற்றில் அக்காவுக்குப் பங்கு இல்லை. பங்குக்காரர்கள் நானும் முன்வீட்டு மாஸ்டரும்தான். எங்கள் இருவர் வீட்டு வளவிலும் குழாய்க் கிணறு உண்டு. ஆனாலும் எங்களில் ஒருவர் மறுத்தால் அந்தக் கிணற்றைத் தொட முடியாது. மறுக்கத்தான் நான் வாயெடுத்தேன்.

"பாதையை அகட்ட வேலியைக் கொஞ்சம் உள்ளுக்குத் தள்ள வேணும்" என்றார் இளைஞர்.

வேலி! எங்கள் ஊரில் சும்மா சொல்லிவிட்டுப் போகக்கூடிய சொல்லா அது?

"எந்தப் பக்க வேலி?" மாஸ்டர் பாய்ந்தார்.

"உங்கடை பக்கம்தானே வெளியிலை வந்து நிக்குது!" என்றேன். அவருடைய தகர வேலி ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் சற்று முன்னுக்கு வருகிறது என்பது என் நெடுநாள் சந்தேகம். அவர் என் பரம்பரையையே இழுத்தார். நானும் விடவில்லை.

இளைஞர் கெட்டிக்காரர். இரண்டு பக்கமும் சரிசமமாகத் தள்ளலாம் என்றார். மாஸ்டரின் வேலியும் போகிறதென்று தெரிந்ததும் எனக்குள் அப்படியொரு நிம்மதி. அவருக்கும்தான்.

"வேறை ஆட்சேபனை இருக்கோ?"

இல்லை. கைதட்டிவிட்டுக் கலைந்தோம்.

சந்தேகப்படுவதில் எங்களை மிஞ்ச ஆளில்லை. என்ன, ஆள் மாறிச் சந்தேகப்படுகிறோம்.

மறுநாள் காலை நூல் பிடித்து வேலியை அளந்துகொண்டு நின்றேன். வாளியோடு கிணற்றடிக்குப் போன செல்வி அக்கா சற்று நின்றார்.

"வடிவா அளவுங்கோ தம்பி... மாஸ்டர் ஏமாத்திப்போடுவார்."