முட்டி மாற்றிய பின் முதல் மோட்டார் சவாரி

அக்காவும் நானும் ஒரே மாதத்தில், ஒரே டாக்டரிடம் முட்டி மாற்றிக்கொண்டோம். இருவருக்கும் ஒரே பயிற்சிதான்.

அக்கா இப்போது கோயிலில் தரையில் சப்பணம் போட்டு உட்காருகிறாள். என் கால் ஓரளவுக்கு மேல் மடங்குவதில்லை. எனக்குப் பிளாஸ்டிக் நாற்காலிதான்.

"நீங்க ஒழுங்கா எக்சர்சைஸ் பண்ணலயா?" என்று கேட்காத ஆளில்லை. பண்ணினேன் தாயே, அழுதுகொண்டே பண்ணினேன்.

"ஆளுக்கு ஆள் மாறும்மா. உங்களுக்கு என்ன செய்யணும்னு ஆசை?" என்று போன வாரம் டாக்டர் கேட்டார்.

"மோட்டார் சைக்கிள் ஓட்டணும்" என்றேன். காலை மடக்கி, அழுத்திப் பார்த்துவிட்டு, "சரி, பக்கத்துல மட்டும் போங்க" என்றார்.

இன்று காலை மீன் வாங்க, திகாம் பத்து ஊர்ச் சந்தைக்கு, எங்கள் பசாருக்கு, நானே மோட்டாரில் போனேன். கியர் மாற்றும்போது கால் கொஞ்சம் முனகியது. நான் கண்டுகொள்ளவில்லை.

மீன்கார அண்ணன் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "யாரு கொண்டாந்து விட்டா?"

"நானேதான் லா!"

மோட்டாரோடு ஒரு படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"எப்படிடி ஓட்டுன? எனக்கு ஏறவே பயமா இருக்கு." பிறகு அவளே சொன்னாள்: "சரி, வரும்போது எனக்கும் கெம்போங் மீன் வாங்கிட்டு வா."

வாங்கிக் கொடுத்தேன். தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து மீனை ஆய்ந்தாள்.

நாளைக்கும் பசாருக்குப் போகிறேன். மீன் வேண்டியவர்கள் கீழே கமென்ட்டில் சொல்லுங்கள். கால் எவ்வளவு மடங்குகிறது என்று கேட்பவர்களுக்கு மட்டும் கிடையாது.