மச்சானின் ரத்தம் சொன்னது

கொரோனாவின் இரண்டாம் அலையில் நானும் என் மச்சானும் ஒரே நாளில் தென்காசியில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தோம். மச்சான் என் மனைவியின் அண்ணன். குற்றாலத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் கடை வைத்திருக்கிறார். நான் அங்கேயே அருவிக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவன். அஞ்சாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டேன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சே வராது.

எங்கள் கட்டில்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. பார்த்தவர்கள் எல்லாம் என்னைத்தான் பெரிய நோயாளி என்றார்கள். காய்ச்சல் கொதித்தது, இருமி இருமி விலாவெல்லாம் வலித்தது. மச்சானோ நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு, எதிர்க்கட்டில் கீழப்பாவூர்க்காரரிடம் இந்த வருஷம் சாரல் எப்போது தொடங்கும் என்று பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார். நடுவில் என்னைக் காட்டி, "எங்க மாப்ள வாயத் தொறந்து நான் பாத்ததே இல்ல அண்ணாச்சி. இப்பம் இருமுததுக்காவது தொறக்காரு" என்றார். வார்டே சிரித்தது.

இரண்டு பேரிடமும் ரத்தம் எடுத்துப் போனார்கள். மறுநாள் டாக்டரம்மா வந்தார். என் ரத்தத்தில் பயப்பட ஒன்றுமில்லை, காய்ச்சல் விட்டதும் வீட்டுக்குப் போகலாம் என்றார். பிறகு மச்சான் பக்கம் திரும்பினார். உடம்புக்குள் அழற்சி இருப்பதைக் காட்டுகிற அளவும், ரத்தம் கட்டுவதைக் காட்டுகிற அளவும் அவருக்கு நன்றாக ஏறியிருக்கின்றன. இப்படி ஏறியவர்களில் பலருக்கு அடுத்த சில நாட்களில் மூச்சுத் திணறுகிறது. உங்களுக்கும் வரும் என்று அடித்துச் சொல்ல முடியாது, வந்தால் நீங்கள் இங்கே இருக்க வேண்டும் என்றார்.

மச்சான் நம்பவில்லை. இரண்டு பேர் ரத்தமும் மாறிப்போயிருக்கும் என்றார். டாக்டரம்மா கோபப்படாமல் மறுபடியும் ரத்தம் எடுக்கச் சொன்னார். அதிலும் அப்படியே வந்தது. "பண்பொழி மலையில இப்பமே ஏறச் சொல்லுங்க, ஏறிக் காட்டுதேன்" என்று சொல்லிவிட்டு, தன் பொறுப்பில் போவதாகக் கையெழுத்துப் போட்டுக் கிளம்பத் தயாரானார். பையைக்கூடக் கட்டிவிட்டார்.

அப்போதுதான் என் பக்கம் வந்தார்.

குற்றாலத்தில் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எண்ணெய் தேய்த்து முடித்ததும் வந்தவர்கள் "இறங்கலாமா?" என்று கேட்பார்கள். உடம்பு சூடு இல்லாமல், தசை இறுகாமல் இருந்தால் அருவிக்குப் போகச் சொல்லுவோம். இல்லையென்றால் இன்றைக்கு வேண்டாம் என்போம். வாடிக்கையானவர்கள் அதை மீற மாட்டார்கள். மச்சானும் அப்படித்தான். சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"நீரு சொல்லும் மாப்ள. இறங்கலாமா?"

தோளிலிருந்து இடுப்புவரை அழுத்திப் பார்த்தேன். சூடு இல்லை, பிடிப்பு இல்லை. என் கைக்கு அது நல்ல முதுகு. அருவிக்கரையில் என்றால் யோசிக்காமல் இறங்கச் சொல்லியிருப்பேன். டாக்டரம்மா, நர்ஸ், கீழப்பாவூர்க்காரர் எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள்.

"கைக்கு நல்லாத்தான் இருக்கு மச்சான்" என்றேன். அவர் எழுந்துவிட்டார். நான் அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். "எங்கைக்கு முதுகுதான் தெரியும். உள்ள ரத்தத்துல என்ன ஓடுதுன்னு தெரியாது. அது தெரிஞ்சவங்க வேண்டாங்காங்க. இறங்காதீங்க."

அவரிடம் நான் அதுவரை அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. முறைத்தார். பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

அடுத்த நாளே மூச்சு வாங்கத் தொடங்கியது. கக்கூஸ்வரை போய்த் திரும்பி வர முடியவில்லை. ஆனால் அவர் இருந்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில். உடனே ஆக்சிஜன் வைத்தார்கள், ரத்தம் கட்டாமலிருக்க வயிற்றில் ஊசி போட்டார்கள். எனக்குக் காய்ச்சல் விட்டபிறகும் நான் வீட்டுக்குப் போகவில்லை. டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டு அவருக்குத் துணையாக அங்கேயே இருந்தேன்.

ஒரு காலையில் டாக்டரம்மா, அளவுகள் இறங்கத் தொடங்கிவிட்டன என்றார். மச்சானைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. முகமூடிக்குள் மூச்சு இளைத்துக்கொண்டுதான் கிடந்தார். இருந்தாலும் இந்த முறை நான் சந்தேகப்படவில்லை. அவர் காதருகே குனிந்து, ரத்தம் திரும்பிவிட்டது, நீங்களும் திரும்பிவிடுவீர்கள் என்று சொன்னேன். அப்படியே நடந்தது. முதலில் ஆக்சிஜனைக் குறைத்தார்கள், பிறகு எடுத்தே விட்டார்கள். மச்சான் இட்லிக்குச் சட்னி சரியில்லை என்று சண்டை போட்ட அன்று, நர்ஸ் கையைத் தட்டிச் சிரித்தார்.

வீட்டுக்குப் போகிற நாளில் வாசலுக்குத் தானாகவே நடந்து வந்தார். நான் கை கொடுத்தேன், தட்டிவிட்டார். ஆட்டோவில் என் மனைவி அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் உட்கார்ந்திருந்தாள். இலஞ்சி தாண்டுவதற்குள் மச்சான் ஆட்டோக்காரரிடம் முழுக்கதையும் சொல்லிவிட்டார். "எல்லாரும் போகச் சொன்னாங்க. நாந்தான் ரத்தத்த நம்பி இங்கயே இருக்கேன்னு சொன்னேன்."

நான் மறுக்கவில்லை. ஆள் பக்கத்தில் உட்கார்ந்து புளுகுகிறாரே, அதைவிட எனக்கு என்ன வேண்டும்?