கொம்பாயிக்கு என்ன ஆச்சு? யாரும் சொல்லக் கூடாது!

போன வாரம் முழுக்க எங்கள் வீட்டில் பேப்பர் படிக்கத் தடை.

தடை போட்டவள் நான். மாட்டிக்கொண்டவர் என் வீட்டுக்காரர். மனிதர் பேப்பரை மனசுக்குள் படிக்கிற ரகம் இல்லை. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார் என்றால், தெருமுனை வரைக்கும் தங்கம் விலை தெரிந்துவிடும். கல்யாணமான புதிதில் எனக்காக ஆரம்பித்த பழக்கம் அது. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். ஒரு பக்கத்தை முடிப்பதற்குள் மறுநாள் பேப்பர் வந்து வாசலில் விழுந்துவிடும்.

“கொலை, கொள்ளை, எலெக்‌ஷன்... எதை வேணா படிங்க. சினிமாப் பக்கத்தை மட்டும் தொடாதீங்க” என்றேன்.

“ஏன்? உன் போட்டோ கீட்டோ போட்டிருக்கானா?”

கிண்டல்! இவருக்கு என்ன தெரியும் என் கவலை?

விஷயம் இதுதான். கொம்பாயி படத்தின் இரண்டாம் பாகம் வருகிறது.

கொம்பாயி யாரென்று கேட்கிறவர்களைப் பார்த்துப் பரிதாபப்படுகிறேன். கார்ட்டூன் படத்தில் வருகிற கிழட்டுப் பெண் யானை. வெள்ளைக்காரன் வரைந்த யானைதான். தமிழ் பேச வைத்தபோது யாரோ ஒரு புண்ணியவான் அந்தப் பேரை வைத்துவிட்டார். முதல் பாகத்துக்கு நான் கும்பகோணம் தியேட்டருக்குப் போனதே ஏ.சி.க்காகத்தான். சித்திரை வெயில் அப்படி. உள்ளே போய் உட்கார்ந்தால்... திரையிலும் வெயில்! காடே காய்ந்து கிடக்கிறது. யானைக் கூட்டம் மொத்தமும் கொம்பாயி பின்னால் நடக்கிறது. எந்தத் திசையில் ஆறு இருக்கிறது என்பது அவளுக்கு மட்டும்தான் நினைவிருக்கிறது. ‘கிழவிக்குப் புத்தி கலங்கிடுச்சு’ என்கிறது ஓர் இளவட்டம். எனக்குச் சுருக்கென்றது. நம் வீட்டில் கேட்காத வசனமா?

கடைசியில் ஆற்றைக் கண்டுபிடித்தே விடுகிறாள். எல்லோரும் குடிக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து மேலே எங்கோ மழை கொட்டி, வெள்ளம் வந்து, அவளை அடித்துக்கொண்டு போகிறது. தும்பிக்கை நுனி மட்டும் தெரிகிறது. அதுவும் முங்குகிறது. உடனே தியேட்டரில் விளக்கைப் போட்டுவிட்டார்கள்!

பிழைத்தாளா, போய்விட்டாளா? மிச்சத்தை இரண்டாம் பாகத்தில் பார்த்துக்கொள் என்று அனுப்பிவிட்டார்கள். வருஷக்கணக்காக அவள் தண்ணீரில் கிடக்கிறாள். நான் கரையில் நிற்கிறேன்.

காத்திருப்பது எங்களுக்குப் புதிதா என்ன? ஆனி பிறந்தால் மேட்டூரைத் திறப்பார்களா மாட்டார்களா என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஜனம் நாங்கள். திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேருமா என்பது அதற்கு இரண்டாம் பாகம். டெல்டாக்காரன் சஸ்பென்ஸுக்கென்று தனியாக டிக்கெட் வேறு எடுக்க வேண்டுமா! ஆனால் பாருங்கள், அந்தக் கதையின் முடிவை யாராலும் முன்கூட்டிச் சொல்லிக் கெடுக்க முடியாது. ஏனென்றால் யாருக்குமே தெரியாது. கொம்பாயி கதை அப்படியா? முடிவு தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அதுவும் நம் சொந்தத்திலேயே இருக்கிறார்கள்.

எல்லாம் இந்த வெளிநாடு செய்கிற வேலை. இப்போது எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூர், துபாய், கனடா. போகட்டும், சம்பாதிக்கட்டும், நல்லா இருக்கட்டும். ஆனால் அங்கெல்லாம் படம் முன்னாடியே வந்துவிடுகிறது. கொம்பாயி தமிழ் கற்றுக்கொண்டு கும்பகோணம் வந்து சேர ஒரு வாரம் ஆகிறது. அந்த ஒரு வாரத்தில் எத்தனை செல்போன்... எத்தனை வாய்!

இதற்கு ஸ்பாய்லர் என்று பேராம். பால் திரிந்துபோகிற மாதிரி கதை திரிந்துபோவது.

எழுத்தில் வருவதைப் பற்றி எனக்குப் பயமில்லை. படித்தவர்கள்தான் பாவம். போனைத் திறந்ததும் அவர்கள் கண் தானாக ஒரு வரியை விழுங்கிவிடும். ஐயோ வேண்டாம் என்று நினைப்பதற்குள் முடிவு வயிற்றுக்குள் போய்விடும். நான்? ‘கொ’வைப் பார்ப்பேன்... ‘ம்’மைச் சேர்ப்பேன்... அடடே, நம்ம ஆள் என்று தெரிந்ததும் போனைக் கவிழ்த்துவிடுவேன். இந்தச் சௌகரியத்தை எந்தக் காலேஜ் கொடுக்கும், சொல்லுங்கள்?

வாய்தான் ஆபத்து.

முதலில் வந்தது கூத்தாநல்லூர் வாய். ஜொஹரா. என் பழைய சிநேகிதி. மகள் துபாயில் இருக்கிறாள்.

“அக்கா, மக படம் பாத்துட்டா. கதை பூரா எங்கிட்ட சொல்லிட்டா.”

“ஜொஹரா, வாயைத் தொறந்தே... உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்.”

“ஒண்ணே ஒண்ணுக்கா. அந்த ஆத்துல—”

“வச்சிடுவேன்!”

“சரி சரி, சொல்லல. நோன்பு நாள்ல தண்ணி குடிக்காமக்கூட இருந்துடலாம் போலருக்கு. இதை வச்சிக்கிட்டு இருக்க முடியலக்கா!”

“வெள்ளிக்கிழமை இங்க படம் வந்துடும். அது வரைக்கும் பல்லைக் கடிச்சிக்கிட்டு இரு.”

அதோடு அவள் எனக்குப் போன் பண்ணுவதையே நிறுத்திவிட்டாள். பேசினால் தவறிச் சொல்லிவிடுவாளாம். அதனால் பேசவே இல்லை. இது சிநேகிதம்!

வீட்டுக்குள் இருப்பவரோ தத்துவம் பேசினார். “மாரியம்மன் கோயில் கூத்துல வருஷா வருஷம் அதே ராஜா, அதே சாவு. முடிவு தெரிஞ்சுக்கிட்டுத்தானே விடிய விடிய உக்காந்து அழுவுற? முடிவு தெரிஞ்சா என்னா இப்ப?”

“அந்த ராஜா செத்து யுகமாச்சு. கொம்பாயி இன்னும் தண்ணியில கெடக்கா.”

மனிதர் காபியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இப்படிக் கட்டிக் காப்பாற்றிக்கொண்டு வந்த எனக்கு, படத்துக்கு முந்தின நாள் வந்தது சோதனை. திருக்கடையூரில் என் தம்பி கலியபெருமாளுக்கு அறுபதாம் கல்யாணம். போகாமல் இருக்க முடியுமா? கூடப் பிறந்த அக்கா ஆயிற்றே. அவன் மகன் பாஸ்கர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறான். லீவில் வந்திருந்தான். வெளிநாட்டிலிருந்து பிள்ளை வந்தால் நம் ஜனம் எப்படிச் சுற்றிக்கொள்ளும் என்று தெரியாதா? அங்கே மழையா, தக்காளி என்ன விலை, எல்லாம் கேட்டுவிட்டு ஒரு பெண் கேட்டாள்:

“ஆனைப் படம் பாத்தாச்சாண்ணே?”

“பாக்காம? மொத நாளே!”

நான் எழுந்துபோய் அவன் முன்னால் நின்றேன். “பாஸ்கரு, என் காதுபட அந்தப் படத்தைப் பத்திப் பேசினே, அத்தையைப் பாக்க மாட்டே நீ, வேற ஆளைப் பாப்பே.”

“ஐயோ, பேசலத்தே!” என்று கும்பிட்டான். நல்ல பிள்ளை.

கலசத் தண்ணீரைத் தம்பி தலையிலும் அவன் பெண்டாட்டி தலையிலும் ஊற்றினார்கள். இருவரும் நனைந்து நடுங்கிக்கொண்டு சிரித்தார்கள். தாலி கட்டினான். எல்லோரும் அட்சதை போட்டோம். மனசு நிறைந்து நின்ற அந்த நேரத்தில், என் பக்கத்திலிருந்து ஒரு குரல். முடிவு தெரிந்தால் என்ன என்று கேட்டாரே, அந்தத் தத்துவ ஞானி.

“ஏம்ப்பா பாஸ்கரு, அந்தக் கிழட்டு ஆனை பொழைச்சிக்கிச்சா?”

நான் காதைப் பொத்தினேன். ஆனால் கண்ணைப் பொத்தவில்லையே! பாஸ்கர் சந்நிதியைப் பார்த்தான். ஈரத் துணியோடு நின்ற அப்பா அம்மாவைப் பார்த்தான். முகத்தைத் தாழ்த்திக்கொண்டான். நான் காதிலிருந்து கையை எடுத்தபோது அவனுடைய கடைசி வார்த்தைகள் மட்டும் விழுந்தன.

“...வேணாம் மாமா. நல்ல காரியம் நடக்குற எடம்.”

முடிந்தது கதை.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் பக்கத்தில் சாவைச் சாவென்று சொல்ல மாட்டோம். ‘கொஞ்சம் முடியல, கெளம்பி வாங்க’ என்போம். மங்கல காரியம் நடக்கிற இடத்தில் அதையும் சொல்ல மாட்டோம். தலையைக் குனிந்து பேச்சை மாற்றுவோம். எதிரே நிற்பவருக்கு அதிலேயே எல்லாம் புரிந்துவிடும். அதுவும் இது எமனையே எட்டி உதைத்த சுவாமி இருக்கிற இடம். இங்கே நின்றுகொண்டு ஒருவன் வாய் திறக்கவில்லை என்றால்... கொம்பாயி போய்விட்டாள். வேறென்ன?

பந்தியில் உட்கார்ந்தேன். பாயசம் இறங்கவில்லை.

“கார்ட்டூனுக்காகப் பாயசத்தை வேணாங்குற பொம்பளையை இப்பத்தான் பாக்குறேன்” என்றார் வீட்டுக்காரர். என் பங்கையும் அவரே குடித்தார்.

திரும்பும்போது வேனில் பாஸ்கர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். திருக்கடையூர் எல்லை தாண்டுகிற வரைக்கும் பொறுத்திருந்தேன். தாண்டியதும் கேட்டேன். துக்கம் விசாரிக்க ஒரு முறை இருக்கிறது அல்லவா? அந்த முறைப்படியே கேட்டேன்.

“ரொம்பக் கஷ்டப்படாமப் போச்சாடா?”

“யாரத்தே?”

“கொம்பாயிடா. பக்கத்துல யாராவது இருந்தாங்களா?”

“ம்... எல்லாரும் இருந்தாங்கத்தே.”

“ஆத்துலயேவா? இல்ல, கரையேறின பெறவா?”

பாஸ்கர் கொஞ்சம் யோசித்தான். “ஆஸ்பத்திரியில” என்றான்.

வேனே திரும்பிப் பார்த்தது.

“ஏண்டா... ஆனையை எந்த ஆஸ்பத்திரியில சேத்தாங்க?”

“கார்ட்டூன்தானேத்தே... அதுல எல்லாம் இருக்கும்.”

“பாஸ்கரு, என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு.”

பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நடவு வயலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “நான் படமே பாக்கலத்தே.”

“மொத நாளேன்னு சொன்னியேடா!”

“சிங்கப்பூர்லேருந்து வந்தவன் பாக்கலன்னா யாரு நம்புவா? எல்லாரும் கண்ணை விரிச்சிக்கிட்டுக் கேக்குறாங்க. அங்க நான் பாத்ததெல்லாம் கப்பலோட அடிவயிறுதான்த்தே. வேலை முடிஞ்சா தூக்கம். லீவு கெடைச்சாலும் தூக்கம். தியேட்டரு எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாது.”

“அப்புறம் எதுக்குடா கோயில்ல அந்த மூஞ்சியை வச்சிக்கிட்டே?”

“மாமா திடீர்னு கேட்டுட்டாரு. என்ன சொல்றதுன்னு தெரியல. நல்ல காரியம் நடக்குற எடம்னு சொல்லிட்டா யாரும் மேல கேக்க மாட்டாங்கள்ல?”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வெளிநாட்டுக்குப் போனவர்கள் எல்லாவற்றையும் நமக்கு முன்னாலேயே பார்த்துவிடுகிறார்கள் என்று நாமாக முடிவு கட்டிவிட்டோம். அவர்களும் நம் மனசு நோகக் கூடாதே என்று பார்த்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். பொய் அவனுடையது. அதைச் சொல்ல வைத்தது யார்?

அதை விடுங்கள். கொம்பாயி மறுபடி தண்ணீருக்குள் போய்விட்டாள்! பிழைத்தாளா, போய்விட்டாளா, தெரியாது. ஒன்றும் தெரியாமல் இருப்பதில் இத்தனை சந்தோஷம் இருக்கிறதா! அந்தப் பாயசத்தை விட்டுக்கொடுத்ததுதான் நஷ்டம்.

வெள்ளிக்கிழமை பாஸ்கரையும் இழுத்துக்கொண்டு கும்பகோணம் போனேன். வீட்டுக்காரரும் வந்தார், ஏ.சி.க்காக. வெள்ளம் வருகிற காட்சியில் பாஸ்கர் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அத்தே... பொழைச்சிடுமா?”

“பேசாம பாரு.”

விளக்குப் போட்டபோது பாஸ்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். துக்கத்திலா, சந்தோஷத்திலா? அதெல்லாம் சொல்லக் கூடாது.

தியேட்டர் படியில் நின்றபடியே கூத்தாநல்லூருக்குப் போன் போட்டேன். “ஜொஹரா, பாத்துட்டேன்.”

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. “அல்லா... இப்ப பேசலாமாக்கா?”

பேசினோம். போன் சுடுகிற வரைக்கும் பேசினோம். அவள் ஒரு பாட்டம் அழுதாள், நான் ஒரு பாட்டம்.

வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். “கடைசியில என்னாதான் ஆச்சு? நான் நடுவுல கொஞ்சம் கண்ணசந்துட்டேன்.”

“முடிவு தெரிஞ்சா என்னான்னு கேட்டீங்கள்ல? தெரியாட்டியும் ஒண்ணுமில்ல. வாங்க போவலாம்.”

தடையை நீக்கிவிட்டேன். இப்போது தினமும் காலையில் சினிமாப் பக்கத்தைத் தேடித் தேடிப் படிக்கிறார் — சத்தமே இல்லாமல்!