கிருத்திகைக்குக் குளித்த ஃபிரிட்ஜ்

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் திருத்தணித் தெருவில் யாராவது ஒருவர் வீட்டில் புது அட்டைப்பெட்டி பிரிந்துகொண்டே இருக்கும். எங்கள் வீட்டுக்குக் கொரியா கம்பெனி ஃபிரிட்ஜ் ஒன்று, அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த மன்னியோடு வந்தது. சென்னையில் பிறந்து வளர்ந்தவள் அவள். தி.நகரில் கடை கடையாக ஏறி இறங்கி அவளே தேர்ந்தெடுத்தது. வந்த புதிதில் எங்கள் வீட்டில் அவளுக்குத் தெரிந்த முகம் அண்ணனும் அந்த ஃபிரிட்ஜும்தான்.

அப்பாவுக்கு மலைக்கோயில் மடப்பள்ளியில் சமையல். வீட்டிலும் அம்மா பத்துப் பார்ப்பாள். சாதம், குழம்பு என்று வெந்ததெல்லாம் பத்து. அதைத் தொட்ட கையைக் கழுவாமல் பால், தயிரைத் தொடக்கூடாது. உலகமே வீட்டுக்குள் வந்துவிட்டது என்று பேப்பரில் எழுதினார்கள். எங்கள் வீட்டில் அது கூடத்தோடு நின்றது; அடுப்படிக்குள் ஃபிரிட்ஜை அம்மா விடவில்லை. ஃபிரிட்ஜில் பால், தயிர், பூ மட்டும். எனக்கு ஐஸ் கிடைத்ததால் நான் எந்தக் கட்சியிலும் சேரவில்லை.

ஆடிக் கிருத்திகை நெருங்கும்போது மன்னி மிஞ்சிய சாம்பாரைத் தயிருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். அம்மா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மன்னி கடைக்குப் போன நேரத்தில், பண்டிகைக்கு வீடு கழுவியவள் ஃபிரிட்ஜையும் கழுவினாள். பிளக்கைப் பிடுங்கும் அளவுக்கு விவரம் இருந்தது. பிறகு உள்ளே, வெளியே, முதுகில் எல்லாம் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர். ஓரிடம் விட்டாலும் சுத்தமாகாதே! துடைத்துவிட்டுப் பிளக்கைச் செருகியதும் டப்பென்று சத்தம், கருகல் வாடை.

மன்னி திரும்பி வந்து பார்த்தாள். சண்டை போடவில்லை. அம்மாவிடம் பேச்சை மட்டும் நிறுத்திவிட்டாள். மறுநாள் பெட்டியில் புடவைகளை அடுக்கினாள். தன் அம்மா வீட்டுக்குப் போவதாகச் சொன்னவள், எப்போது வருவாள் என்று சொல்லவில்லை.

அண்ணன் சொல்லிவைத்த மெக்கானிக் அந்த நேரம் பார்த்து வந்தார். பின்பக்க மூடியைக் கழற்றியவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"இன்னாங்க இது, மஞ்சத் தண்ணி ஒழுகிகினு கீது! யாருங்க அபிஷேகம் பண்ணது?"

வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர்களும் சிரித்தார்கள். அடுப்படி வாசலில் நின்ற அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது.

"நான்தாங்க" என்றாள் மன்னி. "தூசியா இருந்தது, கழுவிட்டேன்."

"படிச்ச பொண்ணாட்டம் கீற, இதுகூடத் தெரியாதாம்மா?"

மன்னி தலையாட்டி ஏற்றுக்கொண்டாள். அந்த நிமிஷம் அவளை எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது.

அவர் எதையோ மாற்றி, ஓடவிட்டுப் போனார். கூட்டம் கலைந்த பிறகு அம்மா வந்தாள். ஒரு கையில் மிஞ்சிய ரசம், இன்னொரு கையில் தயிர்ப் பாத்திரம்.

"எது எந்தத் தட்டுல வைக்கணும்னு எனக்குத் தெரியலைம்மா. நீ வந்து வை."

மறுபடி பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த மன்னி எழுந்து வந்தாள். ரசத்தை வாங்கிக் கீழ்த்தட்டில் வைத்தாள். பிறகு முற்றத்துக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து, தயிரை வாங்கிக்கொண்டாள்.